ஒன்பது நாள் இதய நோயாளி

தொண்ணூறுகளின் நடுவில் ஒன்பது நாட்கள் நான் இதய நோயாளியாக இருந்தேன். எந்த டாக்டரும் அப்படிச் சொல்லவில்லை. நெஞ்சு வலி இல்லை, மயக்கம் இல்லை. நானே கலக்கி, நானே எண்ணி, நானே வரைபடம் போட்ட ஒரு சோதனைக்குழாய் சொன்னது. நான் நம்பினேன். நம்பியதோடு விட்டிருந்தாலும் பரவாயில்லை. மல்லேஸ்வரத்தில் வீட்டிலிருந்து காய்கறி மார்க்கெட் வரைக்கும் உள்ள தூரத்தை மூன்று இடத்தில் உட்கார்ந்து உட்கார்ந்து கடந்தேன். வீட்டில் உப்பை நிறுத்தச் சொன்னேன். வாழ்க்கையில் ஒரே ஒரு முறை வந்த வெளிநாட்டு வாய்ப்பை, வேண்டாம் என்று இரண்டு பக்கத்துக்கு உருக்கமாக எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன்.

ஆய்வகத்துக்குள் புதிதாக வந்திருக்கும் உங்களிடம் இதைச் சொல்வதில் எனக்கு ஒரு பெருமையும் இல்லை. ஆனால் விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு போனவனைக் கூப்பிட்டு "உங்கள் அனுபவத்தை எழுதுங்கள்" என்று கேட்டவர்கள் நீங்கள்தான். என் சாதனைகளை எழுதலாம் என்றால், அவை ஒரு தபால் அட்டையில் அடங்கிவிடும்.

இன்றைக்கு நீங்கள் ஒரு சொட்டு ரத்தத்தை இயந்திரத்தின் வாயில் ஊற்றினால், காபி ஆறுவதற்குள் அது ஓர் எண்ணைத் துப்பிவிடுகிறது. அந்த எண்ணுக்குப் பின்னால் என்ன நடக்கிறது என்று யாரும் கேட்பதில்லை. எங்கள் காலத்தில் நாங்கள் கேட்டோம். கேட்டும் தப்பாகப் புரிந்துகொண்டோம். அது வேறு விஷயம்.

இதயம் வெறும் பம்பு என்றுதான் நானும் கல்லூரியில் படித்தேன். பிறகுதான் அது கடிதமும் எழுதும் என்று தெரிந்தது. ரத்தம் அதிகமாக வந்து நிரம்பி இதயச் சுவர் விரிந்துபோனால், அது ஒரு ஹார்மோனை எழுதி அனுப்பும். சிறுநீரகத்துக்குத்தான் கடிதம்: "உப்பும் தண்ணீரும் அதிகம், கொஞ்சம் திறந்து விடு." இதயம் தளர்ந்தவர்களின் ரத்தத்தில் இந்தக் கடிதங்கள் குவிந்து கிடக்கும். அதை அளப்பதுதான் எங்கள் வேலை.

எப்படி அளந்தோம் என்பதற்கு, சிவாஜிநகர் பஸ் நிலையத்தில் காலியாக ஒரு பஸ் நிற்பதாக வைத்துக்கொள்ளுங்கள். நாற்பது சீட். அந்த சீட்டுகள்தான் ஏற்பிகள். ஹார்மோன் வந்து உட்காரும் இடம். நம் ஆட்கள் நாற்பது பேருக்குச் சிவப்புச் சட்டை மாட்டி ஏற்றுகிறோம். இவர்கள் கதிரியக்கம் ஏற்றிய ஹார்மோன், எங்கிருந்தாலும் எண்ணிவிடலாம். அதே நேரத்தில் நோயாளியின் ரத்தத்தையும் விடுகிறோம். அதில் இருக்கும் சாதாரண ஹார்மோன் பொதுஜனம் மாதிரி. சட்டை நிறம் கிடையாது, எண்ண முடியாது, ஆனால் இடிக்கும். கதவைச் சாத்திய பிறகு, உட்கார்ந்திருக்கும் சிவப்புச் சட்டைகளை மட்டும் எண்ணுகிறோம். சிவப்புச் சட்டை குறைந்தால் பொதுஜனம் அதிகம். பொதுஜனம் அதிகமென்றால் இதயம் மோசம்.

கவனியுங்கள். ரத்தத்தில் இருந்த ஹார்மோனை நாங்கள் ஒருநாளும் நேரில் எண்ணியது கிடையாது. நம் ஆட்களில் எத்தனை பேருக்கு இடம் கிடைக்கவில்லை என்பதை வைத்துத்தான் கணக்கு. இதில் ஓர் ஓட்டை இருக்கிறது. அது உங்களுக்கு இப்போதே தெரிந்துவிட்டால் இத்தோடு நிறுத்திவிட்டு டீ குடிக்கப் போகலாம். எனக்குத் தெரிய ஒன்பது நாள் ஆனது.

சீட்டுகளுக்கு எங்கே போவது? ஆட்டின் சிறுநீரகத்துக்கு மேல் குல்லாய் மாதிரி ஒரு சின்னச் சுரப்பி உட்கார்ந்திருக்கும். அதில் இந்த ஏற்பிகள் ஏராளம். மூன்று தலைமுறையாக முட்டைகூட வாசல் தாண்டாத வீட்டில் பிறந்த நான், வாரம் ஒருமுறை காலையில் பெரிய வாய் வைத்த தெர்மாஸில் ஐஸ் நிரப்பிக்கொண்டு இறைச்சிக் கடைக்குப் போய் வரிசையில் நிற்பேன். வரும் வழியில் பஸ்ஸில் யாராவது "குல்பியா சார்?" என்பார்கள். ஆமாம் என்று சொன்னால் ஒன்று கொடுங்கள் என்பார்கள், இல்லை என்று சொன்னால் என்ன என்பார்கள். நான் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருப்பேன்.

கடைக்காரரை நாங்கள் பாய் என்று மட்டுமே அழைத்தோம். "குல்லாய் இருக்கா பாய்?" என்றால் எடுத்து வைத்திருப்பார். எங்கள் ஆராய்ச்சியில் முதல் நாளிலிருந்து கடைசி நாள் வரை ஒரு தவறும் செய்யாதவர் அவர் ஒருவர்தான்.

இனி என் கதை. ஜப்பானில் இதே ஹார்மோனை அளக்கும் ஓர் ஆய்வகத்திலிருந்து கடிதம் வந்தது. எங்கள் அளவுகள் ஒழுங்காக இருக்கின்றன, ஆறு மாதப் பயிற்சிக்கு ஒருவரை அனுப்புங்கள், அடுத்த வெள்ளிக்கிழமைக்குள் பெயரை உறுதி செய்யுங்கள் என்று. எங்கள் பிரிவின் தலைவியை எல்லோரும் மேடம் என்போம். மைசூர்க்காரர், அநாவசியமாக ஒரு வார்த்தை பேசமாட்டார். அவர் கடிதத்தை என் மேஜையில் வைத்து, "நீங்கதான் போறீங்க" என்றார். நான் அதுவரை தாண்டிய அதிகபட்ச எல்லை ஓசூர். அன்று மாலையே ஒரு சூட்கேஸ் விலை விசாரித்தேன்.

எனக்கு அடுத்த இடத்தில் இருந்தவர் நஞ்சுண்டப்பா. தும்கூர்ப் பக்கத்துக்காரர். தமிழும் கன்னடமும் ஒரே வாக்கியத்தில் சண்டையில்லாமல் குடியிருக்கும் பேச்சு. என்னைவிடக் கவனமான வேலைக்காரர். அதை அப்போது நான் ஒப்புக்கொண்டதில்லை. வாய்ப்பு எனக்கு வந்ததும் முதலில் கைகொடுத்தவர் அவர்தான்.

அதே வாரத்தில் எங்களிடம் இருந்த 'ஆரோக்கியமான ரத்தம்' தீர்ந்துபோனது. நோயாளியின் அளவை ஒப்பிட, நோயில்லாதவரின் ரத்தம் எப்போதும் கையில் வேண்டும். அதற்கு நாங்கள் வெளியே போனதில்லை. யார் கை அகப்படுகிறதோ அவர் சட்டைக் கையை மடித்துக்கொள்வார். ஊழியர் என்றாலே ஆரோக்கியமானவர் என்பது எங்கள் சட்டம். இந்த முறை நான் கையை நீட்டினேன். ஜப்பானுக்குப் போகிறவன் தன் ரத்தத்தை விட்டுவிட்டுப் போகட்டும் என்று ஒரு பெருந்தன்மை.

வியாழக்கிழமை மதியம் எண்ணும் இயந்திரத்திலிருந்து தாள் வந்தது. என் குழாயில் சிவப்புச் சட்டைக்காரர்களையே காணோம். வரைபடத்தில் வைத்துப் பார்த்தேன். ஆஸ்பத்திரியிலிருந்து வரும், நாலு தலையணை வைத்துச் சாய்ந்தபடி மூச்சுவிடும் நோயாளிகளுக்கும் மேலே நான் உட்கார்ந்திருந்தேன்.

உங்களுக்கு ஒன்று சொல்கிறேன். அந்த நிமிடத்தில் மனிதன் விஞ்ஞானியாக இருப்பதில்லை, ஆனால் விஞ்ஞானி மாதிரி நடந்துகொள்வான். நானும் முறைப்படி சோதனையைத் திரும்பச் செய்தேன். அதே குழாயில் மிச்சமிருந்த அதே ரத்தத்தை எடுத்து மறுபடி அளந்தேன். அதே எண். மூன்றாவது முறை. அதே எண். மூன்று புள்ளிகளும் ஒன்றின் மேல் ஒன்றாக அவ்வளவு அழகாக விழுந்ததை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. பொய் சொல்கிறவன் மூன்று தடவை கேட்டால் மாற்றிப் பேசுவான். முட்டாள் மாற்றவே மாட்டான். இந்த வித்தியாசம் எனக்கு அப்போது தெரியாது.

வீட்டுக்குப் போய் ஜெயந்தியிடம் சொன்னேன். என் மனைவி பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். முழுவதையும் கேட்டுவிட்டு, பக்கத்துத் தெரு டாக்டரிடம் போய் ஒரு ஈசிஜி எடுத்துக்கொள்ளச் சொன்னாள். நான் சிரித்தேன் என்று நினைக்கிறேன். ஈசிஜி என்பது வீடு இடிந்த பிறகு வந்து பார்க்கும் அதிகாரி மாதிரி, எங்கள் முறை விரிசல் விடுவதற்கு முன்னாலேயே கண்டுபிடிக்கும், அதனால் டாக்டருக்கு இது தெரிய வாய்ப்பே இல்லை என்று விளக்கினேன். அதாவது, எனக்கு நோய் இல்லை என்று யார் சொன்னாலும், அதுவே எங்கள் முறையின் மேன்மைக்குச் சான்று என்ற இடத்துக்கு வந்துவிட்டேன். இந்த இடத்துக்கு ஒருமுறை வந்துவிட்டால் திரும்பிப் போகப் பாதை கிடையாது. வீட்டில் உப்பை நிறுத்தச் சொன்னேன். சரி என்றாள்.

அதன்பின் அறிகுறிகள் ஒவ்வொன்றாக வந்தன. மாலையில் காலுறையைக் கழற்றினால் கணுக்காலில் வட்டமாகப் பள்ளம். நாற்பத்திரண்டு வயது வரைக்கும் தினமும் இருந்த பள்ளம்தான். அன்றுதான் முதல்முறையாகக் குனிந்து பார்த்தேன். ஆய்வகத்தின் மூன்றாவது மாடிக்கு ஏறும்போது மூச்சு வாங்கியது. ஒவ்வொரு படியிலும் நின்று நாடி பார்த்துக்கொண்டே ஏறினால் யாருக்கும் வாங்கும். ஒரே ஆறுதல், உப்பில்லாச் சாப்பாடு. முதல் நாள் ராத்திரி சாம்பாரை வாயில் வைத்ததுமே எனக்கு ஒரு ஞானம் பிறந்தது. உப்பைப் போட்டு இத்தனை வருடம் காய்கறியின் இயற்கையான சுவையைக் கொலை செய்திருக்கிறோம். முருங்கைக்காய்க்குள்ளேயே ஓர் உப்பு இருக்கிறது, நாக்குதான் அதைக் கேட்கத் தெரியாமல் செவிடாகக் கிடந்திருக்கிறது. இதையெல்லாம் சாப்பிட்டுக்கொண்டே விரிவாகச் சொன்னேன். ஜெயந்தி இன்னொரு கரண்டி ஊற்றினாள்.

புதன்கிழமை வழக்கம்போல் பாய் கடைக்குப் போனேன். சுரப்பிகளை வாங்கிக்கொண்டு, தெர்மாஸை மார்போடு அணைத்து மெல்லத் திரும்பியபோது அவர் கூப்பிட்டார்.

"என்னா சாமி, ஒடம்பு சரியில்லியா?"

வெளியாள் ஒருவரிடம் அதை முதல்முறையாகச் சொன்னேன். இதயத்தில் கோளாறு என்றேன். பாய் கத்தியைத் துடைத்து வைத்துவிட்டு, மேடையைச் சுற்றிக்கொண்டு வந்தார். என்னைத் தலை முதல் கால் வரை பார்த்தார். குழாயடி வரை போய்விட்டு வரச் சொன்னார். போய் வந்தேன்.

"யாரு சொன்னது?"

"சோதனையில வந்துச்சு பாய்."

"எந்தச் சோதனை?"

"நீங்க குடுக்கறீங்களே, அந்தக் குல்லாயை வச்சுப் பண்றதுதான்."

"அப்ப செத்த ஆடு சொல்லுச்சு, உசிரோட இருக்கற நீங்க நம்பிட்டீங்க" என்றார் பாய். பிறகு, "முப்பது வருசமா ஆட்டைப் பாத்து வாங்கறேன் சாமி. இப்பத்தான் இன்னும் ரெண்டு சேத்துக் குடு, கொழுப்பை வெட்டிக் குடுன்னு கால் மணி நேரம் நின்னு என்கிட்ட பேசினீங்க. சீக்கு ஆடு இவ்ளோ கத்தாது" என்றார்.

நான் அவரைப் பார்த்துப் புன்னகைத்தேன். படிக்காதவர், பாவம் என்று நினைத்தேன். அவரிடம் முப்பது வருட அனுபவம் இருந்தது, என்னிடம் வரைபடத் தாள் இருந்தது.

வியாழக்கிழமை சாயங்காலம் அந்த இரண்டு பக்கக் கடிதத்தை மேடத்திடம் கொடுத்தேன். என் உடல்நிலை அயல்நாட்டுப் பயணத்துக்கு இடம் தராது, என்னைவிடத் தகுதியான நஞ்சுண்டப்பாவை அனுப்பும்படி வேண்டுகிறேன், அறிவியல் என்பது தனிமனிதனைவிடப் பெரியது, இப்படி. படித்துவிட்டு, "நிச்சயமா?" என்று ஒரே ஒரு வார்த்தை கேட்டார். மூன்று முறை அளந்துவிட்டேன் என்றேன். கடிதத்தை வாங்கி வைத்துக்கொண்டார். நஞ்சுண்டப்பாவிடம் மேஜைச் சாவியை நீட்டினேன். அவர் சாவியை வாங்கவே மாட்டேன் என்று கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

இதற்கிடையில் ஆரோக்கியமான ரத்தம் இன்னும் கிடைத்தபாடில்லை. என்னுடையதுதான் நோயாளி ரத்தமாகிவிட்டதே. நஞ்சுண்டப்பாவுக்கு ஊசியைப் பார்த்தால் தலை சுற்றும். ஆகவே அந்தோணியிடம் எடுத்தோம். அந்தோணி எங்கள் உதவியாளர். விவேக் நகரிலிருந்து சைக்கிளில் வருவார், ஐம்பதை நெருங்கும் வயது. லிஃப்ட் பழுதான நாட்களில் ஐஸ் பெட்டியைத் தோளில் வைத்து மூன்று மாடியும் விசிலடித்துக்கொண்டு ஏறுவார். ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் பூசை முடிந்ததும் கால்பந்து ஆடுவார். அவருடைய ரத்தத்தின் கணக்கு வெள்ளிக்கிழமை மதியம் மூன்று மணிக்கு வந்தது.

என்னைவிட மோசம்.

வரைபடத்தில் அந்தோணியின் புள்ளிக்கு இடமே இல்லை. தாளுக்கு வெளியே, மேஜையின் மேல் விழுந்தது. எங்கள் முறையை நம்பினால் அந்தோணி செவ்வாய்க்கிழமையே இறந்திருக்க வேண்டும். நிமிர்ந்து பார்த்தேன். அவர் ஜன்னலோரம் நின்று வாழைப்பழம் தின்றுகொண்டிருந்தார்.

"அந்தோணி, உங்களுக்கு மூச்சு வாங்குதா?"

"எப்ப சார்?"

இரண்டில் ஒன்று. இந்த ஆய்வகத்தில் ஊழியர்களுக்கெல்லாம் மர்மமாக இதயம் செயலிழந்துகொண்டிருக்கிறது. இல்லையென்றால் இந்தக் குழாய்கள் இரண்டுக்கும் பொதுவாக ஏதோ நடந்திருக்கிறது. குழாய்ப் பதிவேட்டை எடுத்தேன். ரத்தம் எடுக்கும் குழாய்களைத் தயார் செய்வது அந்தோணியின் வேலை. ஒவ்வொரு குழாயிலும் முன்கூட்டியே ஒரு மருந்தை விட்டு வைப்பார். ரத்தத்தில் இயல்பாகவே கத்தரிகள் மாதிரி சில பொருட்கள் இருக்கின்றன. கண்ட ஹார்மோனையெல்லாம் நறுக்கிப் போட்டுவிடும். அந்த மருந்து கத்தரிகளின் வாயைக் கட்டும். ஆஸ்பத்திரி நோயாளிகள் பெயருக்கு நேரே எல்லாம் டிக் போட்டிருந்தது. என் பெயருக்கும் அந்தோணியின் பெயருக்கும் நேரே ஒரு சிறு கோடு.

"மருந்து ஏன் போடலை?"

அந்தோணி வாழைப்பழத் தோலோடு குளிர்பெட்டியைக் காட்டினார். அதன் கதவில் ஒரு மாதத்துக்கு முன் ஒட்டிய சுற்றறிக்கை இருந்தது. வெளிநாட்டிலிருந்து வரும் அந்த மருந்து சுங்கத்தில் மாட்டிக்கொண்டு கையிருப்பு குறைந்தபோது எழுதியது. "மருந்தை நோயாளிகளின் குழாய்களுக்கு மட்டுமே பயன்படுத்தவும். ஊழியர்கள் ஆரோக்கியமாக இருப்பதால் அவர்களுக்குத் தேவையில்லை." கீழே கையெழுத்து. நல்ல தெளிவான கையெழுத்து. என்னுடையது.

"நீங்கதானே சார் ஒட்டினீங்க" என்றார் அந்தோணி. "டேப்பு கூட நான்தான் வெட்டிக் குடுத்தேன்."

என் பஸ்ஸில் கூட்டமே இல்லை. என் ரத்தத்தின் கத்தரிகள் சிவப்புச் சட்டைக்காரர்களை ஏறும் முன்பே வெட்டிச் சாய்த்துவிட்டன. சீட்டுகள் காலியாகக் கிடந்தன. நான் வெளியே நின்று சிவப்புச் சட்டையை மட்டும் எண்ணிவிட்டு, 'ஐயோ என்ன கூட்டம்' என்று ஒன்பது நாள் அழுதிருக்கிறேன். அவர்கள் எல்லோரும் டீ குடிக்க இறங்கிப் போயிருந்தாலும் எனக்கு அதே எண்தான் வந்திருக்கும். ஒரு நோய், ஒரு சிக்கனம், ஒரு டீ. மூன்றுக்கும் ஒரே எண். ஓட்டை என்று மேலே சொன்னேனே, இதுதான்.

மேடத்தின் அறைக்கு ஓடினேன். ஒன்பது நாளில் முதல்முறையாக நாடி பார்க்காமல் ஓடினேன். சொல்லி முடித்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி, நோயாளிகளின் குழாய்களில் மருந்து இருந்ததா என்பது. எல்லாவற்றிலும் இருந்தது, ஒவ்வொரு டிக்கையும் சரிபார்த்துவிட்டு வந்தேன் என்றேன். மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார்.

"அப்ப முட்டாள் நாம மட்டும்தான். நல்லது."

பிறகு ஜப்பானுக்கு நஞ்சுண்டப்பாவின் பெயரைக் காலை பதினோரு மணிக்கே ஃபேக்ஸ் அனுப்பியாகிவிட்டது என்றார். நான் உடல்நலக் குறைவால் விலகுகிறேன் என்பதும் அதில் இருந்தது. இன்னொரு ஃபேக்ஸ் அனுப்ப முடியாதா என்று கேட்டேன்.

"என்னன்னு எழுதட்டும்? எங்க ஆளுக்கு இதயம் நல்லாத்தான் இருக்கு, எங்க சோதனைதான் தப்புன்னு எழுதட்டுமா? அந்தச் சோதனையை நல்லாப் பண்றோம்னுதானே கூப்பிட்டாங்க." பிறகு, "நீங்க கேட்டா எழுதறேன். மணி அஞ்சு வரைக்கும் ஃபேக்ஸ் அறை திறந்திருக்கும். யோசிச்சுச் சொல்லுங்க" என்றார்.

வெளியே வந்தேன். மணி மூன்றே முக்கால். ஜப்பான் என்றால் எனக்கு என்ன தெரியும்? ஒன்றும் தெரியாது. ஆனாலும் அந்த ஒன்பது நாளுக்கு முன்னால் மூன்று நான்கு நாள், தினமும் பஸ்ஸில் உட்கார்ந்து அங்கே பனி பெய்யும்போது என் மஃப்ளர் போதுமா என்று யோசித்துக்கொண்டிருந்தேன். அதையெல்லாம் கழற்றி வைப்பது அவ்வளவு லேசாக இல்லை. கடிதத்தைத் திரும்ப வாங்கலாம். அதற்கு நஞ்சுண்டப்பாவின் பெயரை அடிக்க வேண்டும், காரணத்தைப் பாதி மறைக்க வேண்டும், 'உடல்நலம் தேறிவிட்டது' என்று ஒரு பொய்யை மேடத்தின் கையால் எழுத வைக்க வேண்டும். முழுக் காரணத்தையும் எழுதினால் யாரும் போகமாட்டோம்.

அப்போது நஞ்சுண்டப்பா படியேறி வந்தார். கையில் மைசூர்பாக் பெட்டி. மதியமே தும்கூருக்கு போன் போட்டு அம்மாவிடம் சொல்லிவிட்டாராம். அம்மா போனிலேயே அழுதுவிட்டாராம். ஆய்வகத்தில் யாருக்கும் கொடுக்காமல் முதலில் என்னிடம் பெட்டியை நீட்டினார். முகத்தில் குற்றவாளி மாதிரி ஒரு பார்வை.

"தொகொள்ளி சார், எடுத்துக்குங்க. இதுல உப்பு இல்ல, நீங்க சாப்பிடலாம்."

எடுத்துக்கொண்டேன். வாயில் போட்டு மென்று முடித்தேன். பிறகு நடந்ததைச் சொன்னேன். அவர் பெட்டியை ஜன்னல் மேடையில் வைத்துவிட்டு மேடத்தின் அறையைப் பார்த்து நடக்கத் தொடங்கினார். சட்டையைப் பிடித்து இழுத்தேன். சண்டை மாதிரிதான் இருந்திருக்கும். அந்தோணி ஓடிவந்தார்.

"சார், என்னை விடுங்க. உங்க இடம் அது."

"என் கையெழுத்துதான் குளிர்பெட்டியில ஒட்டியிருக்கு, நஞ்சுண்டப்பா. நீங்க போங்க. ஒண்ணு மட்டும் செய்யுங்க."

அன்றே என் கையிலிருந்து மறுபடி ரத்தம் எடுத்தோம். ஒரு குழாய் மருந்தோடு, இன்னொன்று மருந்தில்லாமல். மறுநாள் சனிக்கிழமை கணக்கு வந்தது. மருந்தில்லாத குழாயில் நான் மரணப் படுக்கையில் இருந்தேன். மருந்துள்ள குழாயில் நான் ஒரு குதிரை. இரண்டையும் ஒரே தாளில் வரைந்து, கீழே சுற்றறிக்கையின் வாசகத்தை அப்படியே எழுதி, பதிவேட்டில் ஒரு நகலை ஒட்டினேன். இன்னொரு நகலை நஞ்சுண்டப்பாவிடம் கொடுத்து, போன முதல் நாளே அவர்களிடம் காட்டச் சொன்னேன். மேடம் படித்துப் பார்த்து, ஒரு எழுத்துப்பிழையை மட்டும் திருத்திவிட்டு, போகட்டும் என்றார்.

நீதி என்று ஒன்று வேண்டுமென்றால், இதை வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் கருவி ஒரு பதில் சொன்னால், அது எந்தக் கேள்விக்குச் சொன்ன பதில் என்று பாருங்கள். மூன்று முறை திரும்ப அளப்பதைவிட, ஒரு முறை வேறு ஆளை அளப்பது மேல். மருந்து தட்டுப்பாட்டில் சிக்கனம் பிடிக்க வேண்டி வந்தால், உங்கள் கையெழுத்தை உங்கள் கண்ணில் படுகிற மாதிரி ஒட்டுங்கள். நான் தினமும் அந்தக் கதவைத் திறந்து மூடிக்கொண்டுதான் இருந்தேன்.

நஞ்சுண்டப்பா ஆறு மாதம் கழித்து இரண்டு சுற்று பெருத்துத் திரும்பி வந்தார். வந்த ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டில் சாப்பாடு. எனக்கு ஒரு மடக்கு விசிறியும் ஜெயந்திக்கு மணி மாதிரி ஏதோ ஒன்றும் கொண்டு வந்திருந்தார். அங்கே என்ன கற்றுக்கொண்டீர்கள் என்று, எவ்வளவோ நிதானமாகக் கேட்டேன். முதல் நாள் காலையில் எல்லாக் குழாயிலும் மருந்து போட வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தார்களாம். மீதி நாளெல்லாம் தயிர் தேடினாராம். என் வரைபடத்தைப் பார்த்த அங்கிருந்த பேராசிரியர் வெகுநேரம் சிரித்துவிட்டு, புதிதாக வருகிறவர்கள் பார்க்கட்டும் என்று சுவரில் ஒட்டி வைத்துவிட்டாராம்.

ஆக, நான் போகாவிட்டாலும் என் இதயம் ஜப்பான் போயிருக்கிறது. அது எனக்குக் கொஞ்சம் தெம்பாகவே இருந்தது. அந்தத் தெம்பில், போனது போகட்டும் நஞ்சுண்டப்பா, அந்த ஒன்பது நாளில் நான் ஜப்பானில் கற்க முடியாத ஒன்றைக் கற்றேன் என்று ஆரம்பித்தேன். நாக்கைக் கட்டுவது. உப்பே இல்லாமல் ஒரு மனிதன் உணவின் உண்மையான சுவையைக் கண்டுகொள்வது. முருங்கைக்காய்க்குள் இருக்கும் உப்பைப் பற்றியும் சொன்னேன். நஞ்சுண்டப்பா மரியாதையாகக் கேட்டுக்கொண்டிருந்தார்.

ஜெயந்தி ரசத்தை ஊற்றிக்கொண்டிருந்தவள், கரண்டியை நிறுத்தினாள்.

"உப்பை நான் எப்பங்க நிறுத்தினேன்? முதல் நாள் பழக்கத்துல மறந்து போட்டுட்டேன். நீங்க ஒரு வாய் வச்சுட்டு, உப்பில்லாமலே என்ன ருசின்னீங்க. சரி, அப்படியே இருந்துட்டுப் போகட்டும்னு விட்டுட்டேன்."